ஆர்விட் பல்லைக் கழற்றிய காலை

எங்கள் மலை முகாமில் எல்க் மான் வேட்டைக்கு ஆட்களை அழைத்துப்போகிற வழிகாட்டிகள் நான்கு பேர். மூத்தவர் ஆர்விட். எனக்கு அடுப்படி வேலை. பதினெட்டு வருடமாக அவருக்குக் காபி ஊற்றுகிறேன். ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொன்னதில்லை, கல்லுளிமங்கன்.

ஆனால் செப்டம்பரில், மான்கள் இணைசேரும் பருவத்தில், அவர் முகட்டில் நின்று ஆண் எல்க்கைப் போலக் கூவினால் எனக்கே புல்லரிக்கும். எதிரி வந்துவிட்டான் என்று நிஜ மான் சண்டைக்கு இறங்கி வரும். சீவாளி மாதிரி ஒரு சின்ன ரப்பர்த் துண்டை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டுதான் கூவுவார்.

போன வசந்தத்தில் கோவேறு கழுதை உதைத்து அவருடைய மேல்வரிசைப் பல் மொத்தமும் போயிற்று. பல்செட் கட்டினார். அது அண்ணத்தை மூடிக்கொண்டதால் ரப்பர் ஒட்டவில்லை. கூவினால் சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற சத்தம்தான் வந்தது. கழற்றிவிட்டுக் கூவ வேண்டியதுதானே? மாட்டார். பொக்கை வாயைக் காட்ட அவ்வளவு கூச்சம்.

முதலாளி ராய்ஸ் பொறுத்துப் பார்த்தார். "இந்த வாரமும் ஒண்ணும் வரலேன்னா அடுத்த வருஷம் கீழ லாயத்தப் பாத்துக்கோ, ஆர்விட்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரம் அவரோடு வேட்டைக்குப் போனவள் நடீன். நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். நான்கு நாளும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஐந்தாம் நாள், கடைசி நாள், விடிந்ததும் எதிர்ச்சரிவில் ஒரு கிழட்டு மான் கூவியது. ஆர்விட் பதில் கொடுத்தார். அதே டயர் சத்தம். பிறகு நடந்ததை நடீனே சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டினாள்.

"வாய்க்குள்ள என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல மேடம். காத்து சரியில்ல."

"காத்தா? பல்லு கடகடங்கறது எனக்கே கேக்குது. கழட்டுங்க."

"ஒரு பொம்பள முன்னாடியா?"

"முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான். பிள்ளைங்க என் மடியிலயே வாந்தி எடுத்திருக்கு. உங்க பல்லப் பாத்தா மயங்கி விழப்போறேன்? இங்க குடுங்க!"

கையை நீட்டியபடியே நின்றாளாம். வேறு வழியில்லாமல் கழற்றிக் கொடுத்தார். அவள் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆர்விட் மறுபடி கூவினார். மலையே திரும்பிப் பார்த்திருக்கும். கிழட்டு மான் கிளைகளை முறித்துக்கொண்டு ஆவேசமாக இறங்கி வந்தது. நாற்பது அடி தூரத்தில் நடீன் சுட்டாள். ஒரே குண்டு.

சந்தோஷத்தில் திரும்பினால், ஆர்விட் புல்லில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருக்கிறார். மானுக்காகத்தான் அழுகிறார் என்று அவள் பதறிப்போனாள்.

"வந்துடுச்சு மேடம்" என்றாராம். "நான் கூப்பிட்டேன், வந்துடுச்சு."

மேசையில் சிரிப்பு நின்றது. ஆர்விட் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. எங்கள் முகாமில் ஈரலின் முதல் துண்டு மானைச் சுட்டவருக்குத்தான். ராய்ஸ் அதை எடுத்து நடீனைப் பார்த்தார். அவள் சரியென்று தலையசைத்தாள். ஆர்விட்டின் தட்டில் வைத்துவிட்டு, "லாயத்துக்கு வேற ஆளத்தான் தேடணும்" என்றார்.