அப்பா பாவிக்காமல் வைத்திருந்த கத்திகள்

அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவு மலரில் கத்தியைப் பற்றியெல்லாம் எழுதாதே என்று சித்தி இரண்டு தரம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவருடைய சொல்லை மதித்துக் கத்தி இல்லாமலே எழுதிப் பார்த்தேன். பிறந்தார், படித்தார், கனடாவுக்கு வந்தார், உழைத்தார், சிவபதம் அடைந்தார் என்று அரைப் பக்கத்திலேயே அப்பா முடிந்துபோனார். அது யாருடைய அப்பாவாகவும் இருக்கலாம், எங்கள் அப்பா இல்லை. ஆகவே சித்தி என்னை மன்னிக்க வேண்டும்.

அப்பா வலிகாமத்தில் பிறந்தவர். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அப்பப்பாவுக்கு மூத்த பிள்ளை. அப்பாவும் ஒரு கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்களாம். நாட்டு நிலைமை அவரை மொன்றியலில் கொண்டுவந்து விட்டது. வந்த புதிதில் கிடைத்த வேலை நகரின் கிழக்குப் பக்கத்தில், கோழி வெட்டும் தொழிற்சாலையில். அதற்கு முன் ஒரு மீனைக்கூடக் கழுவி அறியாத மனிதர். வெள்ளிக்கிழமைகளில் மச்சமாமிசம் தொடமாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமையும் விடியப் போய்ப் பொழுதுபடும் வரைக்கும் கோழி வெட்டினார்.

அங்கே ஓடுகிற பட்டியில் கோழி வந்துகொண்டே இருக்கும். அப்பா ஒரே இடத்தில் நின்று, ஒரே மூட்டில், ஒரே வெட்டு வெட்ட வேண்டும். குளிரறை. இடக்கையில் இரும்புச் சங்கிலியால் பின்னிய கையுறை. மஞ்சள் பிடி போட்ட கத்தியைக் காலையில் எண்ணிக் கொடுப்பார்கள், மாலையில் எண்ணி வாங்குவார்கள். "இந்தக் குளிரோட விடுறன்" என்று ஒவ்வொரு குளிர்காலமும் சொல்லுவார். முதலில் ஊரிலிருந்து அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு நகரின் மேற்குப் பக்கம் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கினோம். பிறகு என் படிப்பு. வீட்டிலிருந்து பஸ், மெட்ரோ, திரும்பவும் பஸ் என்று போய்வந்தே அவருடைய நல்ல வயது முடிந்தது. பென்ஷன் எடுக்கும்வரைக்கும் அவர் அந்த வேலையை விடவேயில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டில் கத்தி சேர்த்தார் என்றால் யார் நம்புவார்கள்? மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு கடைக் கண்ணாடியில் பார்த்த ஒன்றில் தொடங்கியது. மடக்குக் கத்தி, மீன் வெட்டும் மெல்லிய கத்தி, மான்கொம்புப் பிடி போட்டது என்று வந்துகொண்டே இருந்தன. பேஸ்மன்டில் அவற்றுக்கென்று ஒரு கண்ணாடி அலுமாரி. ஈரத்தை இழுக்க ஒரு மெஷின் அங்கே உறுமிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பருத்திச் சேலைத் துண்டில் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பார். ஒன்றாலும் ஒன்றையும் வெட்டமாட்டார்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன வருடம் யப்பானிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. ஒரு கொல்லர் கையாலேயே அடித்த கத்தி. எவர்சில்வர் அல்ல, துருப்பிடிக்கக்கூடிய உருக்கு. அவரிடமிருந்தவற்றில் அதுவே ஆக விலை கூடியது. அம்மா பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இதால என்னத்தை வெட்டப் போறியள்?"

"ஒண்டையும் இல்லை."

"குசினிக்குள்ள மழுங்கின கத்தியோட நான் மாயிறன். கீழ கத்தியளுக்குக் கோயில் கட்டி வச்சிருக்கிறியள். ஒருநாளைக்கெண்டாலும் பாவியுங்கோவன்!"

"வேலையெல்லாம் முடியட்டும். அது கடைசிக்கு," என்றார் அப்பா.

இந்த விடயத்தில் அம்மாவின் கட்சிக்காரர் சிவா மாமா. அப்பாவோடு அதே பட்டியில் நின்றவர். அவரிடமும் இரண்டொரு நல்ல கத்திகள் உண்டு. அவற்றால் வெங்காயமும் வெட்டுவார், பார்சலும் பிரிப்பார். அப்பாவுக்கு அதைக் கேட்கவே நெஞ்சு பதைக்கும். இருவரும் தேத்தண்ணியும் கையுமாக எங்கள் வரவேற்பறையில் இருந்து பட்டிமன்றம் நடத்துவார்கள்.

"கத்தியெண்டா வெட்டோணும், அண்ணை. வெட்டாட்டி வெறும் தகடு. ஒருக்கா ஒரு தக்காளியை வெட்டிப் பாருங்கோ, பேந்து கதையுங்கோ."

"விடியத் தொடங்கிப் பின்னேரம் மட்டும் வெட்டிப்போட்டுத்தானே வாறம், சிவா. இதுகளாவது வேலைக்குப் போகாம இருக்கட்டும்."

மாமா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. வேலைக்குப் போகாமல் இருக்க அந்த வீட்டில் கத்திகளுக்கு மட்டும்தான் கொடுத்துவைத்திருந்தது.

பென்ஷன் எடுத்து அதிக காலம் ஆகுமுன் நுரையீரல் வருத்தம் வந்தது. படுக்கையறையில் ஒக்சிசன் மெஷினைப் பொருத்தினார்கள். அதிலிருந்து நீளும் குழாயை மூக்கில் கொழுவிக்கொண்டு அப்பா குசினி வரைக்கும் வரலாம். வரவேற்பறை வாசலில் நிற்கலாம். அதற்கு அப்பால் குழாய் இழுக்கும். பேஸ்மன்ட் படிகளை நினைத்துப் பார்க்கவும் கூடாது. எத்தனையோ நாடு கடந்து வந்தவருக்குக் கடைசியில் அந்தக் குழாயின் நீளம்தான் கனடா. யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கீழே ஈரமெஷின் உறுமுவது மட்டும் அவருக்குக் கேட்கும்.

கடந்த கோடையில் ஒருநாள் அலுமாரியைப் பூட்டும் திறப்பைக் குசினி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, கீழ போய் அந்த மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு வா. வெட்டிப் பாப்பம்."

நான் திறப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அடுப்படியில் நின்ற அம்மா திரும்பிப் பாராமலே சொன்னார்: "வேண்டாம்."

"இவ்வளவு காலமும் பாவியுங்கோ பாவியுங்கோ எண்டு ஆக்கினைப்படுத்தினது நீர்தானே?"

"இப்ப வேண்டாம் எண்டுறன்."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்காமல் நின்றார். எனக்கு அம்மாமீது அப்படியொரு கோபம் வந்தது. பின்னேரம் பேஸ்மன்டில் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் பிடித்துக் கேட்டேன், உங்களுக்கென்ன விசரோ என்று. அம்மா உடுப்பை மடித்தபடியே சொன்னார்: "அது கடைசிக்கெண்டு சொன்ன மனுசன். அதைத் திறந்திட்டா, பிறகு எதைச் சொல்லி நான் அவரை இருக்கப் பண்ணுறது?"

அந்தத் திறப்பு என் கைப்பைக்குள் கிடந்தது. புவாண்ட்-கிளேரில் என் கந்தோருக்கு வந்தது, திரும்பி வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தால் அம்மாவின் கையைத் தட்டிவிட்டதாகும். கொடுக்காவிட்டால் ஒரு மனிதர் கேட்ட ஒரேயொரு சாமானை இல்லையென்றதாகும். அப்பா வற்புறுத்துகிறவர் அல்ல. "கீழ மெஷின் வேலை செய்யுதோ?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே சில நாட்கள் வேலையிலிருந்து பிந்தி வந்தேன்.

நவராத்திரி தொடங்கியபோது அம்மா என்னிடம் திறப்பைக் கேட்டு வாங்கினார். தானே கீழே போய் மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். எனக்கு ஆச்சரியம். ஆனால் குசினிக்குப் போகாமல் நேரே வரவேற்பறைக்குப் போய், கும்பத்துக்கு முன்னால் சரஸ்வதி படத்தின் அடியில் கத்தியை வைத்தார். புத்தகங்களையும் ஆயுதங்களையும் கடைசி நாட்களில்தான் வைப்பது வழக்கம். அம்மா முதல் நாளே வைத்துவிட்டார். பூசைக்கு வைத்ததை விஜயதசமி வரைக்கும் எடுக்கக் கூடாது. சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூவும் சாத்திய பொருளை எடுத்துத் தா என்று அப்பா கேட்பாரா? ஒருநாளும் கேட்கமாட்டார்.

"கெட்டிக்காரிதான்," என்றார் அப்பா, வாசலில் நின்று.

அவர் அந்த வாசலோடு சரி. ஒக்சிசன் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது என்று வீட்டுக்கு வரும் தாதி கையால் நெருப்பு எரிவதுபோல் காட்டி, பிரெஞ்சில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கும்பத்தடியில் குத்துவிளக்கு எரிந்தது. ஆகவே அப்பா தேவாரத்தையும் வாசலில் நின்றே பாடினார். மூச்சு வாங்க நடுவில் நிற்பார், பிறகு விட்ட இடத்தில் தொடங்குவார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கத்திமேல் கிடந்த பூ மட்டும்தான் தெரியும்.

அங்கேதான் பிழை நடந்தது. குசினிக் கத்தரிக்கோலுக்கும் அரிவாளுக்கும் வருடாவருடம் சந்தனம் பூசுகிற வீடுதானே என்று அம்மா பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கத்தியின் அலகில் தாராளமாகப் பூசி, நடுவில் பொட்டு வைத்தார். பின்னேரந்தோறும் பூ மாற்றித் தண்ணீர் தெளித்தார். எவர்சில்வருக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யாது. இந்த உருக்கு ஈரக்கை பட்டாலே கறுக்கும் என்று வீட்டில் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவருக்குக் கிட்டப் போக வழியில்லை.

விஜயதசமி காலையில் விளக்கை அணைத்துவிட்டு அம்மா பூவை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தார். அலகின் நடுவில் கபிலமும் கறுப்புமாய் ஒரு பெரிய கறை. சேலைத் தலைப்பால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறைதான் தெளிவாகத் தெரிந்தது. அம்மா நிலத்தில் குந்திவிட்டார்.

"பழுதாக்கிப் போட்டன். இவ்வளவு காலமும் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்ததை நான் பழுதாக்கிப் போட்டன். கொண்டுபோய்க் கீழ பூட்டு பிள்ளை, அவர் காணக்கூடாது."

குசினியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "எடுத்தாச்சோ?"

மறைக்க வழியில்லை. நான் கத்தியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அம்மா எனக்குப் பின்னால் நின்றார். அப்பா அதை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் கறையைத் தடவினார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நல்ல சந்தனம் போலகிடக்கு," என்றார். பிறகு அம்மாவிடம், "இஞ்சேரும், தக்காளி இருக்கோ?"

அம்மா மறுக்கவில்லை. பலகையை வைத்து, அதன்மேல் ஒரு தக்காளியை வைத்தார். அப்பா கத்தியை அதன்மேல் வைத்து மெல்ல இழுத்தார். அமத்தவில்லை. தக்காளி தானாகவே திறந்ததுபோல் இருந்தது. இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மூச்சுத் தேவையில்லைப் பிள்ளை."

ஒரு பாத்திரத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்கும் மனிதர் அப்படிச் சொன்னார். நாங்கள் மூவரும் பாண் துண்டுகளில் அந்தத் தக்காளியை வைத்து, உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட்டோம்.

அதன்பிறகு மரக்கறி வெட்டுவது அப்பாவின் வேலையாயிற்று. அம்மா கொஞ்சமாக மேசையில் வைப்பார், அப்பா குழாயோடு இருந்து வெட்டுவார். சிவா மாமா வந்து பார்த்துவிட்டு வென்றவர்போலச் சொன்னார்: "பாத்தீங்களோ அண்ணை, எத்தனை வருசமாச் சொன்னனான்?"

"இல்லை, சிவா. வச்சிருந்ததும் பாவிப்புத்தான். வேலையால பஸ்ஸில வரேக்குள்ள, வீட்டில ஒண்டு ஒரு வேலையும் செய்யாமக் கிடக்குது எண்டு நினைப்பன். அந்த நினைப்பிலதான் அடுத்த நாளும் போனனான்."

யார் சொன்னது சரியென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அம்மா பயந்ததுபோல் உடனே ஒன்றும் நடக்கவில்லை. முதல் பனி விழுந்து நிலம் மூடும்வரை அப்பா வெட்டினார். பிறகு ஒரு காலை மூச்சு மெஷினுக்கும் கட்டுப்படாமல் போக, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மா கையைப் பிடித்திருக்க, அங்கேயே அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

அம்மா அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று படையலுக்குக் கத்தரிக்காய் வெட்ட அந்தக் கத்தியை எடுத்தார். மழுங்கின கத்தியை அமத்தி அமத்திப் பழகிய கை. விரலில் பட்டுவிட்டது. "விரல் எரியுது, விரல் எரியுது" என்று குசினி நிலத்தில் குந்தி அம்மா அன்றைக்குத்தான் அழுது தீர்த்தார். விரலில் அவ்வளவு பெரிய காயம் இல்லை.

அப்பாவின் வருத்த காலத்தில் சமைத்துக் கொண்டுவந்து தந்த உறவினருக்கும், வாரந்தோறும் வந்து அவரை முகம் சுளிக்காமல் பார்த்த தாதிக்கும், ஆம்புலன்ஸ் வந்த நாளில் எங்கள் வாசலின் பனியைத் தாங்களே வழித்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், பிரேதத்தோடு கடைசிவரை நின்ற சிவா மாமாவுக்கும், தூரத்திலிருந்து வந்தும் வர முடியாமல் தொலைபேசியில் அழுதும் எங்கள் துயரில் பங்குகொண்ட எல்லோருக்கும் அம்மாவும் நானும் கைகூப்புகிறோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு மலரோடு ஒரு கிண்ணம் கொடுப்பது எங்கள் வழக்கம். இந்த முறை கிண்ணம் இல்லை. மண்டப வாசலில் ஒரு நீள மேசையில் அப்பாவின் கத்திகளை வைத்திருக்கிறோம். இது அம்மாவின் முடிவு. தன் குசினியில் இருப்பதைத் தவிர மற்றதெல்லாம் போகட்டும் என்கிறார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பதால் நாங்கள் தரமாட்டோம். நீங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அலுமாரிக்குள் வைக்காதீர்கள். ஈரக்கையோடு பிடியுங்கள், புளிக்கிற தேசிக்காய் வெட்டுங்கள், கழுவாமல் போட்டுவைத்தாலும் பரவாயில்லை. அப்பா கண்டால் நிச்சயம் சண்டைக்கு வருவார்.

வரட்டும். வந்தால் எங்களுக்கு வேறென்ன வேண்டும்?