கோட்டில் இருந்த பெயர்

சுமி யாருக்காவது காலமெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமென்றால் அது மீன்காரி ரத்னபாய்க்குத்தான். இதில் வேடிக்கை, சுமியின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தவளும் அதே ரத்னபாய்தான்.

சுமி தனுவச்சபுரத்துக்காரி. தமிழும் மலையாளமும் கலக்கும் எல்லையோரத்து ஒரு காவல் நிலையத்தில் பத்து வருடமாகப் போலீஸ்காரி. அங்கே பெண் போலீசார் மழைக்கோட்டு தொலையாமலிருக்க முதுகில் பெயிண்டால் பெயர் எழுதி வைப்பார்கள். மழை வந்தாலோ கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். எழுதிய பெயிண்ட்தான் தண்டம்.

போன ஜூனில் சுமியின் கோட்டைப் போட்ட ஒருத்தி, பஸ் ஸ்டாப்பில் ரத்னபாயின் மீன்கூடையை எட்டி உதைத்தாள். சாளை மீன் மொத்தமும் சாக்கடையில் போனது. திரும்பி நடந்தவளின் முதுகில் இருந்த பெயரை ரத்னபாய் படித்து வைத்துக்கொண்டாள். போலீஸ் புகார் ஆணையத்துக்கு மனுவும் போட்டுவிட்டாள்.

நோட்டீஸ் வந்ததும் சுமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம். புகார் நிரூபணமானால் வேலையே ஆட்டம் காணும். மன்னிப்பு எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளச் சொன்னார்கள் கூட இருந்தவர்கள். நல்லவேளை, புகாரின் நகலைக் கேட்டு வாங்கவும் பதில் சொல்லவும் போலீஸ்காரிக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. நகலில் இருந்த தேதியில் சுமி பூவார் படகுத்துறையில் பந்தோபஸ்தில் நின்றாள். கோட்டு ஸ்டேஷனில் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு போனது கூட வேலை பார்க்கும் தோழி ஜிஜி. அவள் உண்மையைச் சொல்லி அழுத அழுகையைப் பார்த்து, "யார் எடுத்தார்கள் என்று தெரியாது" என்று சுமி பதிலில் எழுதினாள். பதிலில் அந்த ஒரு வரிதான் பொய்.

விசாரணை நாளில் ஆணையத் தலைவர் சுமியைக் காட்டி, "இவங்கதானா?" என்று கேட்டார். பஸ் மாறி பஸ் ஏறி வந்திருந்த ரத்னபாய் ஆமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளோ பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளை இல்ல சாறே. பேரு இதாக்கும், ஆளு வேற. ஆரோ செய்ததுக்கு இவ தலையில கெட்டப்பிடாது."

சுமிக்கு அங்கேயே அவள் காலில் விழலாம் போலிருந்தது. தலைவர், "அப்போ இந்தப் புகார் நிற்காது" என்று பேனாவைத் திறந்தார். ரத்னபாய் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று சுமி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வெறுங்கையாகப் போகிறவளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மனசு வரவில்லை.

"சாறே, என் பதில்ல ஒரு வரி திருத்தணும். கோட்டு போட்டது ஆருண்ணு எனக்குத் தெரியும்."

ஜிஜிக்குத் தண்டனை வந்தது. மறைத்ததற்காகச் சுமிக்கும் ஒரு குட்டு. ஒரு மாதம் சுமியிடம் முகம் கொடுத்துப் பேசாத ஜிஜி, பிறகு தானாகவே போய் ரத்னபாயிடம் மன்னிப்புக் கேட்டாள்.

சுமி நன்றி சொல்லப் போனபோது ரத்னபாய் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு எதுக்கு மக்கா நன்றி? அண்ணைக்கு நீ வாய் தொறக்கலேண்ணா, நான் பொய்ப் புகாரு குடுத்தவளாக்கும்ணு எழுதியிருப்பாவ."