அடுப்பின் வலப்பக்கம்

தேசம்மா சமையலறைக்குள் முதலில் மூக்கை அனுப்பிவிட்டுப் பிறகுதான் காலை வைப்பாள். கவிழ்த்து வைத்த மீன் சட்டியைத் தூக்கி, உள்ளே முகத்தை விட்டு ஓர் இழுப்பு. பிறகு சோற்றுப் பானை. பிறகு சுவரில் தொங்கும் அகப்பைகள், ஒன்று விடாமல். நேற்றைய குழம்பு வாடை லேசாக இருந்தாலும் போதும், அந்தச் சட்டி மறுபடியும் சாம்பலையும் புளிச்சக்கையையும் கண்டு, கொல்லை வெயிலில் காய்ந்த பிறகுதான் அடுப்பேறும். "வவுத்துக்குள்ள போனது செமிச்சிப் பூடும். சட்டியில தங்கனது நாளிக்கி நம்ம மானத்த வாங்கும்" என்பாள்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அவளுடைய தொழில் மீன் விற்பது. சாந்தோம் மாதா கோயிலுக்குப் பின்னால், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஓட்டு வீடு. விடியற்காலையில் கட்டுமரம் கரை சேரும் இடத்துக்குப் போய், சண்டை போடுகிற மாதிரி பேரம் பேசி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ராயப்பேட்டை வரை நடந்துவிட்டு வருவாள். கூடையில் மீன் வாடை இருக்கலாம், சேலையில் இருக்கலாம், தலைச்சும்மாட்டில்கூட இருக்கலாம். அதெல்லாம் பிழைப்பு. சமையலறையில் இருந்தால் அது அவமானம். கூடை கிணற்றடியோடு நின்றுவிடும். குளித்துச் சேலை மாற்றாமல் அவளே உள்ளே போகமாட்டாள். செதிளும் குடலும் முருங்கை மரத்தடியில் குழிக்குள் போய்விடும். ராயப்பேட்டையில் வாடிக்கையாக மீன் வாங்கும் அன்வரி பேகம் ஒரு கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்கு வந்து, சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "நெசமாவே நீ மீன்தான் விக்கிறியா தேசம்மா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை இன்னும் அவள் மடியில் முடிந்து வைத்திருக்கிறாள். சந்தர்ப்பம் கிடைத்தால் அவிழ்த்துக் காட்டுவாள்.

அவள் உட்கார்ந்து சமைக்கிறவள். மணையைப் போட்டு அடுப்பின் முன் உட்கார்ந்தால், குழம்பு இறங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அதற்குத் தக்கபடி இருந்தது அந்த அறை. விறகும் ஊதாங்குழலும் இடப்பக்கம். மற்ற எல்லாம் வலப்பக்கம்: உப்புச் சாடி, மிளகாய்த் தூள் டப்பா, மஞ்சள் டப்பா, எறும்பு ஏறாதபடி தண்ணீர்த் தட்டில் நிற்கும் எண்ணெய்க் கிண்ணம், அவற்றுக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் அகப்பைகள், கடைசியில் பிடிதுணி. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் உப்பு. கொஞ்சம் தள்ளி நீட்டினால் மஞ்சள். எடுத்தது எடுத்த இடத்துக்கே போக வேண்டும். உலை கொதிக்கிற நேரத்தில் அரைத்த அம்மியைக் கழுவிவிட வேண்டும். அடுப்புத் திண்டைச் சூடு இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். "கொதிக்கட்டும்னு குந்திக்கினு வேடிக்க பாத்தா, அப்பால நீ துன்னறதுக்கு முன்னாடி கஸ்மாலம் குந்திக்கும்" என்பது அவள் வாக்கு. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த பிடிப்பு இரண்டு: மகன் பிலிப், இந்தச் சமையலறை.

இந்த ஒழுங்குக்கு நடுவேதான் மருமகளாக வந்து சேர்ந்தாள் கிளாடிஸ்.

ராயபுரத்துப் பெண். கோயில் மணியடிக்கிறவரின் மகள். வாய் அதிர்ந்து பேசமாட்டாள். கல்யாணச் சீராக அவள் அம்மா ஒரு பித்தளைக் கரண்டி கொடுத்து அனுப்பியிருந்தாள். புதுப்பெண் அதை ஆசையோடு சமையலறைக்குக் கொண்டுவந்தபோது, தேசம்மா ஆணி வரிசையை ஒரு தடவை பார்த்தாள். இடம் இல்லை. "இங்க கரண்டிக்கு இன்னா பஞ்சம்? பொட்டியிலியே வெய்யி" என்றாள். கரண்டி பெட்டிக்குள் போயிற்று.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது பேஜார். உப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் இருக்கும். பிடிதுணி விறகின் மேல் கிடக்கும். ஆணியில் அகப்பைகளின் வரிசை மாறியிருக்கும். மாமியார் பக்கத்தில் இருந்தால் கிளாடிஸுக்குக் கை ஓடாது. உப்பு சிந்தும், குழம்பு தெறிக்கும், தேங்காய்த் துருவல் பாதி தரையில் விழும். இடது மணிக்கட்டில் எப்போதும் ஒரு சூட்டுத் தழும்பு. ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று.

"இன்னாமே, கண்ணு எங்க கீது உனுக்கு? வெச்ச எடந்தான் தெரியாது, எரியற அடுப்பும் தெரியாதா?"

கிளாடிஸ் தலையைக் குனிந்துகொள்வாள். அந்தக் குனிதல் தேசம்மாவுக்குத் திமிராகத் தெரிந்தது. வேண்டுமென்றே செய்கிறாள், என் கையிலிருந்து சமையலறையைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தாள். நாக்கும் அதற்கேற்றபடி நீண்டது. நல்ல மனுஷிதான், ஆனால் அந்த நாக்கை மட்டும் அவள் ஒருநாளும் புளி போட்டுத் தேய்த்ததில்லை.

பிலிப் தச்சு வேலை செய்கிறவன். அப்போது மாம்பலத்தில் ஏரி இருந்த இடமெல்லாம் வீடுகளாக எழும்பிக்கொண்டிருந்த காலம். கதவு, ஜன்னல் என்று அவனுக்கு ஓயாத வேலை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"மேஸ்திரி அங்கியே ஒரு ரூம்பு தர்றன்றாரும்மா. ஞாயித்துக்கெழமை பதில் சொல்லணும். தெனம் இவ்ளோ தொலவு நடக்க வாணாம்."

"நடக்கறதுக்காகவா போற?"

பிலிப் சோற்றைப் பிசைந்தான். "அவளும் அவ கரண்டிய எங்கனா ஒரு ஆணியில மாட்டட்டுமேம்மா" என்றான்.

தேசம்மா எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. ஒருத்திக்கு மட்டும் பொங்குகிற அடுப்பில் அழுக்கு எங்கிருந்து வரும்? வைத்தது வைத்தபடி இருக்கும், கலைக்க ஆள் இருக்காது. அந்தச் சுத்தத்தை நினைத்துக்கொண்டே இன்னொரு தடவை துடைத்தாள்.

மறுநாள் கடல் கொந்தளிப்பு. கட்டுமரங்கள் பாதி போகவில்லை. கிடைத்த கொஞ்சம் மீனும் மயிலாப்பூர் தாண்டுவதற்குள் விற்றுப்போக, வெயில் ஏறுவதற்கு முன்பே தேசம்மா வீடு திரும்பினாள். கூடையைக் கிணற்றடியில் வைக்கும்போது உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. கோயில் பாட்டு. கிளாடிஸுக்குப் பாட வரும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. கொல்லைக் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய சமையலறை தலைகீழாக மாறியிருந்தது. விறகு வலப்பக்கம். உப்பு, மிளகாய், மஞ்சள், எண்ணெய் எல்லாம் இடப்பக்கம். அகப்பைகள்கூட இறங்கி, இடப்பக்கத்தில் ஒரு தட்டின் மேல் அடுக்கியிருந்தன. நடுவே கிளாடிஸ் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் உப்பை அள்ளினாள், இடது கையால் மஞ்சளைத் தூவினாள், இடது கையால் குழம்பைக் கலக்கினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கலக்கின கையோடு திண்டைத் துடைத்தாள். கொதி வருவதற்குள் அம்மியைக் கழுவினாள். தேசம்மா ராஜ்யத்தின் சட்டம் அத்தனையும் அங்கே நடந்துகொண்டிருந்தது, கை மட்டும்தான் வேறு.

குழம்பை இறக்கியதும் கிளாடிஸ் அவசர அவசரமாக ஒவ்வொன்றாக வலப்பக்கம் மாற்ற ஆரம்பித்தாள். உப்புச் சாடியைக் கையில் வைத்துக்கொண்டு, இது முதலிலா, மஞ்சளுக்குப் பிறகா என்று தெரியாமல் உதட்டைக் கடித்தாள். பிறகு தப்பான இடத்தில் வைத்தாள்.

தேசம்மாவுக்கு அந்தச் சூட்டுத் தழும்புகள் நினைவுக்கு வந்தன. வலப்பக்கத்து உப்பை இடக்கையால் எடுக்க, எரிகிற அடுப்பைத் தாண்டித்தானே கையை நீட்டியாக வேண்டும்?

கதவு கிரீச்சிட்டது. கிளாடிஸ் துள்ளி எழுந்து இடது கையை முந்தானைக்குள் ஒளித்தாள்.

"பீச்சாங்கையா உனுக்கு?"

"சின்னதுல எங்கம்மா இந்தக் கையில துணி சுத்தி வெச்சிடும் அத்தே. யார்னா பாத்தா சோத்தாங்கையிலதான் செய்வேன். ஒங்க முன்னாடியும் அப்டிதான் செய்யறேன், ஆனா வரமாட்டேங்குது, அவசரத்துல இந்தக் கையே முந்திக்கினு பூடுது."

தேசம்மா திரும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். இரக்கம் வந்தது உண்மை. அருவருப்பும் வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. அந்தக் கை எதற்கு என்று ஊருக்கே தெரியும். அந்தக் கையா என் சட்டியில்? இத்தனை நாள் மோந்து மோந்து காப்பாற்றிய சட்டியிலா? சாயந்தரம் பிலிப்பைப் பிடித்துக் கேட்டாள்.

"எனுக்குத் தெரியும்மா" என்றான் அவன். "ஒனுக்குத் தெரிஞ்சா சட்டியெல்லாம் போட்டு ஒடச்சிடுவியோன்னு அது பயந்துகினு கீது."

உடைத்திருப்பாள்தான். அதனாலேயே அந்த வார்த்தை சுருக்கென்றது. அன்று ராத்திரி ஜெபத்தில் கிளாடிஸ் சிலுவை போடும்போது தேசம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள்; வலது கை, ஒழுங்காகத்தான் போட்டாள். மறுநாள் கிணற்றடியில் மீன் ஆயும்போது தேசம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை மீனின் வாலைப் பிடித்திருந்தது. இடது கை வயிற்றுக்குள் புகுந்து குடலை உருவியது. இத்தனை வருஷமாக அந்தக் கைதான் உருவியிருக்கிறது. பிறகு சாம்பல் போட்டுக் கழுவிவிட்டு அதே கையால்தான் அரிசி களைந்திருக்கிறாள், மாவு பிசைந்திருக்கிறாள், பிலிப்புக்குச் சின்ன வயதில் சோறு உருட்டியிருக்கிறாள். ஒரு நாளும் அந்தக் கையை அவள் கேள்வி கேட்டதில்லை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பச்சையம்மா நெருப்பு வாங்க வந்தாள். அவளும் மீன்காரிதான்; வந்த காரியத்தைவிடக் கண்ட காரியத்தில் அக்கறை அதிகம். மாமியார் கிணற்றடியில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் கிளாடிஸ் இடது கையால் கலக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். முகவாயில் கை வைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி வந்தாள்.

"அடியே தேசம்மா! ஒன் மருமவ பீச்சாங்கையில கொயம்பு கிண்டறாடி! ஒன் ஊட்டுலியா இந்தக் கூத்து?"

உள்ளே அகப்பைச் சத்தம் நின்றுபோயிற்று. தேசம்மா மெதுவாக நிமிர்ந்தாள்.

"ஆமாம், அதுக்கு இன்னா இப்போ? கயுவாத கையின்னா ரெண்டுமே பீச்சாங்கதான். நீ கைய கயுவிக்கினு வந்தியா? நெருப்ப வாங்கிக்கினு கெளம்பு."

பச்சையம்மா நெருப்பை மறந்துவிட்டுப் போனாள். பிறகு மறுபடியும் அகப்பை சட்டியில் உரசும் ஒலி கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு தாராளமாக.

அன்று சாயந்தரம் பிலிப்பின் சுத்தியல் காணாமல் போனது. தேடிக்கொண்டு வந்தவன் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். அம்மா மணையின் மேல் ஏறி நின்று, வலச்சுவர் ஆணிகளைப் பிடுங்கி இடச்சுவரில் அறைந்துகொண்டிருந்தாள். விறகு வலப்பக்கம் போயிருந்தது.

"இன்னாம்மா இது? ஒனுக்குச் சரிப்படுமா?"

"எனுக்கு ரெண்டு கையும் பயக்கம்டா. அதுக்கு ஒண்ணுதான் கீது" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். வாயில் ஆணிகள் இருந்ததால் வார்த்தை குழறியது. பழைய வரிசைக்கு வேண்டியதற்கு மேலே ஓர் ஆணி அதிகமாக அறைந்தாள். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மாம்பலத்தைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்கிற வாயைத்தான் அவள் கொஞ்ச நாளாக அடக்கிக்கொண்டிருந்தாளே. உள்ளுக்குள் மட்டும் மாதாவிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மற்ற இருவரும் கோயில் வாசலில் பேசிக்கொண்டு நிற்க, தேசம்மா முன்னால் வந்து அடுப்பை மூட்டினாள். வழக்கம்போல மூக்கு, சட்டி, பானை. குழம்பு கொதி வந்ததும் வலது கை தானாகச் சுவருக்குப் போயிற்று. அங்கே ஆணி பிடுங்கிய ஓட்டைகள்தான் இருந்தன. தன்னையே திட்டிக்கொண்டு இடப்பக்கம் திரும்பினாள்.

அதிகமாக அறைந்த ஆணியில் பித்தளைக் கரண்டி தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்தது இடக்கை. அந்தக் கையாலேயே எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள், பெட்டியிலிருந்த பாச்சை உருண்டை வாடை குப்பென்று அடித்தது. சாம்பலை அள்ளி, புளிச்சக்கை வைத்து, பளபளவென்று வரும்வரை தேய்த்துக் கழுவினாள். பிறகு மணையில் உட்கார்ந்து, கை மாற்றாமல், அந்தக் கரண்டியைக் குழம்பில் விட்டுக் கலக்கினாள். ஒரு சொட்டு தெறித்துத் திண்டில் விழுந்தது. கொல்லைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கவே, தேசம்மா சட்டென்று அதை முந்தானையால் துடைத்துவிட்டாள்.