சுல்தானுக்கு லாடம், மைனாவுக்கு வெறுங்கால்

தஸ்தகீர் பாய் காலமான செய்தி விக்கிரவாண்டியைத் தாண்டும்போது எனக்கு வந்து சேர்ந்தது. நான் ஒரு மினி லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் என் குதிரை மைனா நின்றுகொண்டிருந்தாள். இருவரும் திண்டிவனத்துக்கு, அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

போனில் அவர் மருமகன் நசீர். "அண்ணே, மாமா விடியக்காலைல மவுத்தாயிட்டாரு. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறோம்."

"வந்துக்கினுதாம்பா இருக்கேன்" என்றேன். கூடவே ஒரு குதிரையும் வருகிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

டிரைவர் கேட்டார்: "குதிரைய எங்கனா எறக்கி வுட்டுட்டுப் போலாமாண்ணே?" எங்கே இறக்குவது, டோல்கேட்டிலா?

ஆக, துக்க வீட்டுக்குக் குதிரையோடு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கூட்டம் விலகி வழிவிட்டது. பெரியவர் ஒருவர் மைனாவின் கழுத்தைத் தடவி, "பாயோட குதிரையா? பாவம், வாயில்லா ஜீவன்" என்றார். "இல்லீங்க, என்னுது" என்றேன். அந்த இடத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. அஞ்சலிக் கட்டுரையில் இப்படியெல்லாம் எழுதக் கூடாதுதான். ஆனால் என் வயிற்றெரிச்சலைத் தள்ளிவைத்துவிட்டு பாயைப் பற்றி என்னால் எழுத முடியாது. எங்கள் சிநேகமே அதில்தான் ஆரம்பித்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய் பதினெட்டு வருஷம் வளைகுடாவில் ஒரு ஷேக்கின் லாயத்தில் இருந்தவர். குதிரைகளின் கால்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஊர் திரும்பியதும் சுல்தான் என்ற பழுப்புக் குதிரையை வாங்கி, மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு விட்டார். விழுப்புரத்தில் நானும் என் வெள்ளை மைனாவை வைத்து அதே தொழிலைத்தான் செய்கிறேன். ஆனால் விழுப்புரத்துக் கல்யாணத்துக்கே திண்டிவனத்திலிருந்து சுல்தான் வருவான். காரணம், சத்தம். சுல்தானின் நான்கு கால்களிலும் லாடம். பேண்டு செட்டுக்கு முன்னால், தெருமுனையிலேயே 'டக் டக்' என்று கேட்கும். பெண்கள் மாடிக்கு ஓடுவார்கள். என் மைனாவுக்கு வெறுங்கால். பூனை மாதிரி வந்து நிற்பாள். பெண்ணின் அப்பா ஒருவர் என்னிடமே கேட்டார், "இன்னாங்க, உங்க குதிரை வர்றதே தெரியலியே?"

போதாததற்கு பாய்க்கு ஐம்பத்தெட்டு வயதில் தலை நிறைய முடி. தொப்பை என்பது துளியும் கிடையாது. நான் ஐம்பத்திரண்டிலேயே என் குதிரை மேல் ஏற நாற்காலி கேட்கிறவன்.

போன தை மாதம் மைனா ஜல்லியில் கால் வைக்கத் தயங்கினாள். அவள் நொண்டினால் என் பிழைப்பும் நொண்டும். எனக்கு வேறு குதிரை இல்லை. லாடம் அடித்துவிட்டால் காலும் பிழைக்கும், சத்தமும் கிடைக்கும் என்று நினைத்தேன். மானத்தை விட்டு பாய்க்குப் போன் போட்டேன்.

"வர்றேன்பா. ஆனா லாடம் எடுத்துக்கினு வர மாட்டேன். மொதல்ல பார்க்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தார். மைனாவைத் தெருவில் நடக்க விடச் சொல்லிவிட்டு, குத்துக்காலிட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறார் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரரும் குனிந்தார். பிறகு குளம்பைத் தூக்கி முகர்ந்தார், கட்டை விரலால் அழுத்தினார், ஒரு அட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். எனக்குக் கால் கொடுக்க அரை மணி நேரம் கெஞ்சவைக்கும் மைனா, வளையல் போட்டுக்கொள்ளக் கை நீட்டுவதுபோல் அவரிடம் நீட்டினாள். என் வீட்டுக்காரி அவித்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, கொண்டுவந்தாள். எனக்கென்றால் பேப்பரில் வரும். அவருக்கு வெள்ளித் தட்டு.

"இப்ப வேணாம் ஏழுமலை" என்றார் பாய். "நடக்கறப்ப குதிகாலு மொதல்ல ஊனுதா, நுனி மொதல்ல ஊனுதான்னு பாரு. இவ குதிகாலு ஊனுறா. பாதம் கெட்டி. நீ ஈர மண்ணுல கட்டிப்போட்டு ஊறவச்சிருக்க, அதான் ஜல்லி கூசுது. எடத்த மாத்து."

"அப்ப உங்க சுல்தானுக்கு மட்டும் இன்னாத்துக்கு பாய் லாடம்?"

"அவன் காலு வேற" என்றார். அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான்கு ஞாயிறு வந்தார். நான்கு முறையும் அட்டையில் கோடு, நான்கு முறையும் 'வேணாம்'. நான் மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டேன்: தன் குதிரைக்கு ஷூ, என் குதிரைக்கு வெறுங்கால்; மைனா சத்தம் போட்டால் இவர் பிழைப்பு போய்விடும், அதுதான் சங்கதி.

அவருக்குச் சொல்லாமல் திருவெண்ணெய்நல்லூர் பக்கமிருந்து ஒருவரை அழைத்துவந்தேன். கரும்பு வண்டி மாடுகளுக்கு லாடம் அடிப்பவர். மாட்டு வேலையில் கெட்டிக்காரர். வந்ததும் கயிற்றை எடுத்து, "படுக்கப் போடுங்க" என்றார். மாட்டை அப்படித்தான் கால்களைக் கட்டிச் சாய்த்து லாடம் அடிப்பார்கள். மைனா சாயவில்லை. நாங்கள் இருவரும்தான் சாய்ந்தோம். "வேணாங்க, இது எனக்குப் பழக்கமில்ல" என்று அந்த மனிதர் இரண்டு முறை சொன்னார். நான்தான் விடவில்லை. நிற்க வைத்து முன்னங்காலில் லாடத்தைப் பொருத்தினார். இரண்டாவது ஆணியிலேயே மைனா துள்ளிக் காலைத் தூக்கிக்கொண்டாள். ஆணி நகத்துக்குள் இருக்கும் உயிர்ச்சதையில் இறங்கிவிட்டது.

போன் செய்தேன். பாய் அன்றைக்கே வந்தார். டீ கூடக் குடிக்கவில்லை. ஆணிகளைப் பிடுங்கி முனையை முகர்ந்து பார்த்தார். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலைக் கழுவினார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"சத்தத்துக்குத்தானே?" என்றார்.

தலையாட்டினேன்.

"எனக்குப் புரியுது ஏழுமலை. ஆனா சத்தம் உனக்கு, ஆணி அவளுக்கா?"

அவ்வளவுதான். எழுந்திருக்கும் முன் புண்பட்ட காலையும் மெதுவாக ஒரு அட்டையில் வைத்துக் கோடு போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இதிலும் என்னை ஜெயித்துவிட்டாரே என்று அன்றிரவு முழுக்கப் புழுங்கினேன்.

கல்யாணம் இல்லாத ஆடி மாதத்தில் மைனா தேறினாள். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின. போன வியாழக்கிழமை பாயே கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழம வண்டில ஏத்திக்கினு வா. எங்க தெருவுல புதுசா தார் போட்டுக்கிறான். நடக்கவுட்டுப் பார்த்துட்டு, லாடம் வேணுமா வேணாமான்னு ஒரே முடிவா சொல்லிட்றேன்."

அந்த முடிவைச் சொல்லாமல்தான் போய்விட்டார்.

அடக்கம் செய்யக் கிளம்பியபோது தெரு கொள்ளாத கூட்டம். எனக்கு இதில் கால்வாசி வருமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். நசீர் என்னைச் சுல்தானின் கொட்டகைக்கு அழைத்துப்போனார். சுவரில் ஐந்து அட்டைகள் தொங்கின. எல்லாம் மைனாவின் குளம்பு.

"தெனம் இதத்தான் பார்த்துக்கினு இருப்பாரு" என்றார் நசீர். "சுல்தான் காலு அப்பளம் மாதிரிண்ணே. லாடம் இல்லன்னா வாசல் தாண்ட மாட்டான். ஒவ்வொரு ஆணி அடிக்கறப்பவும் மாமா பொலம்புவாரு. 'பதினெட்டு வருஷம் ஷேக்கு குதிரையெல்லாம் பார்த்தேன், இப்படி ஒரு காலு பார்க்கல. போயும் போயும் அந்த ஏழுமலைக்கு அமைஞ்சிருக்கு பாரு'ன்னு. உங்க மேல அவருக்கு அவ்ளோ பொறாமைண்ணே."

என்னைப் பார்த்து இதுவரை ஒருவரும் பொறாமைப்பட்டதில்லை. என் கூடப் பிறந்தவர்கள்கூடப் பரிதாபம்தான் படுவார்கள். அட்டைகளைப் பார்த்தபடியே நின்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நசீரிடம் கயிற்றைக் கொடுத்து, மைனாவைப் புதுத் தார் ரோட்டில் நடத்தச் சொன்னேன். அவரைப்போலவே குத்துக்காலிட்டேன். தொப்பை இடித்தது. கையை ஊன்றிக் கன்னத்தைத் தரையருகே கொண்டுபோனேன். தார் இன்னும் மணத்தது. மைனா வந்தாள். குதிகால், பிறகு நுனி. குதிகால், பிறகு நுனி. ஜல்லி துருத்திய ஓரத்திலும் தயங்கவில்லை. துக்கம் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள், அவள் தங்களைக் கடந்த பிறகுதான் திடுக்கிட்டு ஒதுங்கினார்கள். கொட்டகைக்குள் சுல்தான் ஒரு முறை காலைத் தட்டினான். டக்.

லாடம் வேணாம் பாய். நல்லாப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். வயிறு எரிஞ்சபடியே போய்ட்டு வாங்க.