ரெஜினா சிஸ்டரின் பதில்களைத் தட்டச்சு செய்தவன்

வியாழக்கிழமை காலை, உங்களிடமிருந்து வந்த நான்கு மின்னஞ்சல்களை அச்செடுத்து ரெஜினா சிஸ்டருக்காக வைத்திருந்தேன். வழக்கமாகப் பதினோரு மணிக்கு வருபவர் வரவில்லை. அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்தான் வந்தார். "சிஸ்டர் போய்ட்டாங்க. சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து நாற்காலியில உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல," என்றார்.

உங்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்ததில்லை. என்னையும் தெரியாது. மந்தைவெளியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டர், பிள்ளை பெற்றபின் மனம் ஒடிந்து கிடந்த தன் மருமகளுக்கு அமெரிக்காவுக்கு எழுதத் தொடங்கினார். மருமகள் தோழிகளிடம் சொன்னாள். அப்படித்தான் நீங்களெல்லாம் வந்தீர்கள். அவர் காகிதத்தில் எழுதித் தருவார். நான் அந்தத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவேன்.

"பாசம் வரட்டும்னு காத்திருக்காதே, கை முதல்ல பழகட்டும்" என்று அவர் எத்தனை பேருக்கு எழுதினார்! "குளிப்பாட்டும்போது பேசு. பேச ஒண்ணும் தோணலைன்னா இன்னிக்கு என்ன சமையல்னு பிள்ளைகிட்ட சொல்லு" என்பார். "இது உன் குணமில்லை, நோய். டாக்டரைப் பார்" என்று எழுதாத கடிதமே இல்லை.

நான் அதையெல்லாம் தட்டினேனே தவிர, மனதில் வாங்கவில்லை. இன்னும் மோசம், உங்கள் கடிதங்களைப் பார்த்துச் சிரித்தேன். 'பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை' என்று உங்களில் ஒருவர் எழுதியதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி, "எல்லா வசதியும் இருக்குல்ல, அதான் அழறதுக்கு நேரம் கிடைக்குது" என்றேன். அதை எழுதியவர் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்த நாட்களில் என் மகளுக்கு ஐந்து மாதம். ஒரு மதியம் என் மனைவி சுமதி குழந்தையோடு சாப்பாடு கொண்டுவந்தாள். குழந்தையை மேசையில், பிரிண்டருக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை வீறிட்டு அழுதது. அவள் திரும்பவில்லை. கடிதம் தர வந்திருந்த சிஸ்டர்தான் தூக்கினார். சுமதி போனபின் என்னிடம் கேட்டார்: "தம்பி, இத்தனை நாளா டைப் பண்றீங்களே, ஒண்ணையாவது படிச்சீங்களா? இல்ல, விரல் மட்டும்தான் போச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டு விஷயம் எங்களுக்குத் தெரியும் சிஸ்டர். நீங்க வந்த வேலையை மட்டும் பாருங்க," என்றேன். வீட்டில் சுமதியைச் சோம்பேறி என்று நானும் அம்மாவும் திட்டிக்கொண்டிருந்தோம். அதை அவர் கண்டுபிடித்துவிட்ட ஆத்திரம் அது. அவர் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் வரவில்லை. உங்களுக்கு அப்போது பதில் வராததற்குக் காரணம் நான்தான். இதுவரை அதைச் சொல்லவில்லை.

அப்படிச் சேர்ந்துபோன கடிதங்களில் ஒன்று என் கடையிலிருந்தே போயிருந்தது. நான் இல்லாத நேரத்தில் சுமதி எழுதியது. 'உங்கள் பதில்களை டைப் செய்பவர்தான் என் கணவர். அவரிடம் சொல்ல பயமாக இருக்கிறது. குழந்தையைத் தூக்கினால் யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்குவது போல இருக்கிறது.'

அச்செடுத்துக்கொண்டு சிஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு முறை படித்தார்.

"இதை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? அவகிட்டல்ல போயிருக்கணும்?"

வீட்டுக்குப் போய், "உன் மெயிலைப் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னேன். சுமதி குழந்தையைக் கீழே கிடத்திவிட்டுச் சுவரோரம் நகர்ந்துபோய், "திட்டாதீங்க" என்றாள். அந்தச் சொல்லை நான் எங்கே கொண்டு வைப்பது?

டாக்டரிடம் அழைத்துப்போனது சிஸ்டர்தான். சிஸ்டரிடம் நேரில் பேச சுமதிக்கு வாய் வரவில்லை. அதனால் அவள் மின்னஞ்சலிலேயே எழுதினாள். அந்தப் பதில்களை மட்டும் சிஸ்டர் என்னிடம் தரவில்லை. "நீங்க வெளிய நில்லுங்க" என்று அனுப்பிவிட்டு, ஐந்து வரியை ஒரு மணி நேரம் ஒற்றை விரலால் தட்டுவார். என் கடை வாசலிலேயே, வெயிலில், நான் நிற்பேன். அவற்றை இன்றுவரை படிக்கவில்லை. ஏழெட்டு மாதம் பிடித்தது. ஒருநாள் குளியலறையிலிருந்து சுமதியின் குரல் கேட்டது. கத்தரிக்காய் கூட்டு என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன மாதம்தான் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கத் துணிந்தேன். முழுதாகச் சொல்ல விடவில்லை. "எங்கிட்ட எதுக்கு? நாளையிலேருந்து புள்ளையை நீங்க குளிப்பாட்டுங்க."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வேலை. தினமும் காலையில் செய்கிறேன், நன்றாக வரவில்லை. சோப்பு கண்ணில் பட்டால் மகள் அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள். சுமதி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறாள்.