லைனைக் காட்டும், ஆளைக் காட்டாது

எங்களிடம் வேலை பார்க்கும் ஏழுமலை போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவான். அன்று காலை குரல் வராமல் மூச்சு மட்டும் வந்தபோதே ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "ம்மா... ஷாகுல் சார் பூட்டாரும்மா" என்றான். கூடுவாஞ்சேரியில், தன் வீட்டில், வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். மாரடைப்பு. இத்தனை அடிதடிக்குத் தப்பிய மனிதர், யாரும் கை ஓங்காத ஒரு காலையில் போய்விட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம்.

தாம்பரம் முதல் அனகாபுத்தூர் வரை எங்கள் இன்டர்நெட் இணைப்பை வைத்திருப்பவர்களுக்கும், எங்களிடம் வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் ஷாகுலை ஒரு குரலாகத்தான் அறிவீர்கள். நெட் போய்விட்டது என்று நீங்கள் கோபமாகக் கூப்பிட்டால், "எப்ப போச்சு? அப்ப வீட்ல என்ன நடந்துட்டிருந்தது?" என்று பொறுமையாகக் கேட்ட குரல். அந்தக் குரலுக்குரியவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை.

இந்தத் தொழிலை நடத்தியவர் என் கணவர். கேபிள் டி.வி.யில் தொடங்கி இன்டர்நெட்டுக்கு வந்தவர். பெருங்களத்தூர் அருகே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு வண்டி அவரை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. வண்டி கிடைக்கவில்லை. காரியம் முடிவதற்குள் எதிர்க் கம்பெனியிலிருந்து இருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "பொம்பளையால இத நடத்த முடியாது. குடுத்துட்டு நிம்மதியா இரு" என்றார்கள். முதலில் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டு வாருங்கள், பிறகு விலை பேசலாம் என்று எழுந்துவிட்டேன். அன்று மாலையே எங்கள் அலுவலகக் கண்ணாடி முழுவதும் நொறுங்கியது. கம்பங்களில் கேபிள்கள் வெட்டப்பட்டன. ஷாகுல் நேர்காணலுக்கு வந்தது அந்தச் சில்லுகளை மிதித்துக்கொண்டுதான். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு மேடம். ஆனா நான் உக்காரப்போறது சர்வர் ரூம்ல. அங்க உடைக்கக் கண்ணாடி இல்லியே."

அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கும் படமும் அனுப்பும் செய்தியும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத்தான் எங்கள் சர்வர் வழியே போகின்றன. நொடிக்கு எத்தனையோ ஆயிரம். கோளாறு வந்தால் அவற்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பிடித்துத் திரைக்குக் கொண்டுவந்தால் மெஷின் அப்போதே படுத்துவிடும். அதனால், இன்ன விலாசத்துக்கு வருவது மட்டும் வேண்டும் என்று ஒரே வரியில் ஒரு வடிகட்டியை எழுதிக் கொடுப்பார். அது கெர்னலுக்குப் போகும். கெர்னல் என்பது மெஷினின் அடிமடி. ஒவ்வொரு பாக்கெட்டும் அங்கே சோதிக்கப்படும். கேட்டதற்குப் பொருந்தினால் அதன் நகல் திரைக்கு வரும். பொருந்தாதது தன் வழியில் போய்விடும். அது வந்ததும் போனதும் திரைக்குத் தெரியாது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் அவர். பதிலுக்கு, அவர் எழுதும் ஆங்கிலக் கடிதங்களை நான் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பேன். நான் படித்த கான்வென்ட்டில் என் தாள்களுக்கு நடந்தது அதுதான். ஒருநாள் திருப்பிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, "கெர்னல் கூடப் பரவால்ல மேடம். தப்புன்னா எர்ரர்னு ஒரு வார்த்தைல விட்டுடும்" என்றார்.

பாக்கெட்டைப் பிடித்தாலும் அதன் தலைப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவார். எங்கிருந்து எங்கே போகிறது என்பது மட்டும் இருக்கும், உள்ளே என்ன என்பது இருக்காது. வட்டாரத்துப் பெரிய மனிதர் ஒருவர், தன் மருமகள் இரவெல்லாம் யாரோடு என்ன பேசுகிறாள் என்று எடுத்துக் கொடுக்கச் சொல்லி நேரில் வந்தார். "என்கிட்ட அட்ரஸ் வரைக்கும்தாங்க இருக்கு. உள்ள இருக்கிறத நான் எடுக்கிறதே இல்ல" என்றார் ஷாகுல். எடு என்றார் அவர். மாட்டேன் என்றார் ஷாகுல். என் கண்ணெதிரே விழுந்த அறையில் அவருடைய கண்ணாடி என் மேசைக்கு அடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, "வேற எதாவது வேணுமாங்க?" என்று கேட்டார். வந்தவர் எழுந்து போய்விட்டார்.

இனி அந்த மாலை.

அந்த வருடம் அனகாபுத்தூரில் கம்பத்துக்குக் கம்பம் சண்டை. எங்கள் லைன்மேன்களுக்குத் தலைவன் துரை. அவனுடைய தம்பி ஏணியில் நின்று கேபிள் இழுத்துக்கொண்டிருந்தபோது, முகத்தில் கர்சீப் கட்டிய ஒருவன் கீழிருந்து அரிவாளால் குதிகாலுக்கு மேலே வெட்டினான். நரம்பு அறுந்து, பையன் ஏணியோடு தரையில் விழுந்தான். அதற்குப் பிறகு அவன் ஏணி ஏறவில்லை. துரை என் முன் நின்று, "யாருன்னு மட்டும் தெரியட்டும்மா" என்றான்.

அதோடு இன்னொன்றும் தொடங்கியது. மாலையானால் எங்கள் நெட் படுத்துவிடும். குப்பைப் பாக்கெட்டுகள் வெள்ளம்போல் எங்கள் சர்வரின் மேல் கொட்டின. அனுப்புநர் விலாசம் எல்லாம் பொய். வருவதற்கு வழி இரண்டுதான் இருந்தது. சமாதானமாக இருந்த காலத்தில் எதிர்க் கம்பெனியோடு பகிர்ந்துகொண்ட லைன் ஒன்று. அனகாபுத்தூரில் எங்களுடைய இணைப்புப் பெட்டி மற்றொன்று. அந்தப் பெட்டியின் சாவி ஏழுமலையிடம் இருந்தது. ஏழுமலை எங்களிடம் வருவதற்கு முன் எதிர்க் கம்பெனியில் வேலை பார்த்தவன்.

ஷாகுல் எதிராளியின் லைனில் வடிகட்டி போட்டார். எங்கள் சர்வரின் விலாசத்துக்கு வருவது மட்டும் வேண்டும் என்று எழுதினார். திரை வெறுமையாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் துரை நின்றிருந்தான்.

"இன்னா சார்?"

"இந்தப் பக்கம் ஒண்ணும் வரல."

துரை வெளியே போனான். ஷாகுல் மாலைத் தொழுகைக்குக் கிளம்பினார். பள்ளிவாசல் வரை போகவில்லை, பாதி வழியிலேயே திரும்பி என் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒண்ணுமே வரல."

"அதைத்தான் அப்போதே சொன்னீர்களே?"

"இல்ல மேடம். ஒண்ணுமே வரல. நல்ல நாள்லயே அந்த லைன்ல நாலு பாக்கெட் வரும், போகும். இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல. தெருவுல நாய்கூடப் போகலன்னா தெரு காலின்னு அர்த்தமில்ல. நான் கண்ண மூடிட்டு நிக்கறேன்னு அர்த்தம்."

மேலே ஓடினார். எதிர்ப்பக்கத்தார் சமீபத்தில் அந்த லைனில் வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஏரியாவைக் குறிக்கும் ஒரு சிறு அடையாளத்தைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். நான்கு எழுத்து அளவுதான். ஆனால் அது நடுவில் நுழைந்ததால் விலாசம் நான்கு இடம் தள்ளிப் போய்விட்டது. கெர்னல் பழைய இடத்தில் தேடியது. சட்டைப்பையில் இருப்பதை இடுப்பில் தடவிப் பார்த்து இல்லை என்று சொன்னது. எழுதிய வரியில் எந்தப் பிழையும் இல்லை, அதனால் எர்ரரும் வரவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

வரியைத் திருத்தக்கூட அவர் உட்காரவில்லை. "துரை எங்க?" என்று கத்தினார். பின்கட்டுக் குடோனிலிருந்து அப்போதுதான் ஓர் அலறல் கேட்டது.

ஏழுமலையைக் கேபிள் சுற்றும் மர உருளையில் கட்டிப்போட்டிருந்தார்கள். துரையின் கையில் இரண்டாக மடித்த கேபிள். வீட்டுக்கு இழுக்கும் அந்தக் கறுப்புக் கேபிளுக்குள் இரும்புக் கம்பி ஓடும். பட்ட இடமெல்லாம் தோல் பிளந்திருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கி, காக்கிச் சட்டை கறுத்திருந்தது. "சொல்லு. என் தம்பிய வெட்னது யாரு? பொட்டிய யாருக்குடா தொறந்து வுட்ட?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. ஏழுமலை பதில் சொல்லும் நிலையில் இல்லை.

"நிறுத்து! நான் தப்பாப் பார்த்துட்டேன்!" என்று ஷாகுல் நடுவே பாய்ந்தார்.

"நீதான சார் சொன்ன, அந்தப் பக்கம் ஒண்ணும் வரலன்னு?"

"சொன்னேன். கேக்கத் தெரியாமக் கேட்டுட்டு சொன்னேன். இவன் இல்ல."

"இன்னா சார், காப்பாத்த கத வுட்றியா? தள்ளு."

தள்ளவில்லை. ஏழுமலையின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். கேபிள் அவர் முதுகில் இறங்கியது, இரண்டு மூன்று முறை. துரையோடு இருந்தவன் ஒருவன் கடப்பாரையை எடுத்து அவரை நெம்பப் பார்த்தான். அது வழுக்கி உருளையின் விளிம்பில் இருந்த அவர் கைமேல் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு என் கையில் இருந்த குடை துரையின் தலையில் விழுந்ததும், அதன் காம்பு முறிந்ததும் உண்மை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், கேபிளைக் கீழே போட்டான்.

ஷாகுல் எழுந்தார். "முதல்ல இவன ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. துரை, நீ மேல வா. கண்ணால பார்." வலது கை துணிபோலத் தொங்க, இடது கையால் அதே வரியை மறுபடி எழுதினார். ஒரே ஒரு சொல்தான் புதிதாகச் சேர்த்தார். திரை பொங்கிக்கொண்டு மேலே ஓடியது. நிற்கவே இல்லை. துரை அதைப் பார்த்தபடி சுவரில் முதுகைத் தேய்த்துத் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அதே வேகத்தில் எழுந்தான்.

"அப்ப அவனுங்கதான். வாங்கடா!"

நான் படியிறங்கி வருவதற்குள் வேன் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே அரிவாள்கள் இருந்தன. எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கவில்லை. ஷாகுல் கேட்டின் குறுக்கே நின்றிருந்தார்.

"நெவுரு சார். இப்பதான் நீயே காட்டுன."

"நான் என்ன காட்டினேன்? அந்த லைன் வழியா வருதுன்னு காட்டினேன். அது லைனைக் காட்டும்டா, ஆளைக் காட்டாது. எவன் அனுப்பினான், எங்கேர்ந்து அனுப்பினான், அவன்தான் உன் தம்பிய வெட்டினானா, ஒண்ணும் அதுல இல்ல. அரை மணி முன்னாடி நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒருத்தன உரிச்சிட்ட. மறுபடியும் என் வார்த்தைய வெச்சு இன்னொருத்தன வெட்டப் போறியா?"

துரை அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்கம்மா. ஐயாவ அடிச்சுப் போட்டதும் அவனுங்கதான். ஊருக்கே தெரியும்."

வேனில் இருந்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். என் தலையசைப்பு ஒன்று போதும். பெருங்களத்தூரில் என் கணவரின் செருப்பு கிடந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கான பதிலை யாரோ என் கையில் கொடுப்பதுபோல் இருந்தது.

ஷாகுலின் முகம் வலியில் வெளுத்திருந்தது. என்னிடம் அவர் கெஞ்சவில்லை. "மேடம், உங்களுக்கும் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

கேட்டைப் பூட்டச் சொன்னேன். சாவியை நானே வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஷாகுல் இன்னொரு வரி எழுதினார். அந்தக் குப்பைப் பாக்கெட்டுகள் வந்ததும் கெர்னலிலேயே தூக்கி எறியப்படும், சர்வரைத் தொடாது. நெட் திரும்பி வந்தது. "அவ்ளோதானா?" என்று துரை கேட்டான். "அவ்ளோதான்" என்றார் ஷாகுல். துரை தன் வாயில் தானே அடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் நானே போலீஸில் எழுதிக் கொடுத்தேன், என் ஆட்கள் பெயரையும் சேர்த்து. துரை உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்ததும் நேராக ஷாகுலிடம் போய், "என் தம்பிய வெட்னவன் யாருன்னு தெரியாமலே பூடுமா சார்?" என்று கேட்டிருக்கிறான்.

"தெரியலன்னா தெரியலன்னே வெச்சுக்க. அந்த எடத்துல ஒரு ஆள ஒக்கார வெச்சுடாத."

கூடுவாஞ்சேரி வீட்டில் அவரைத் தூக்கிய நேரத்தில் நான் பெண்களோடு உள்ளே இருந்தேன். ஷாகுலின் மனைவி ரஹ்மத் என் கையைப் பிடித்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே துரை ஏழுமலையிடம் ஏதோ கிசுகிசுத்தான். "அந்தக் காதுல இன்னாடா சொல்ற? அதான் நீயே புடுங்கிட்டியே. இந்தாண்ட வா" என்றான் ஏழுமலை, அந்த இடத்திலும் கத்தி. துரை மறுபக்கம் போனான். இருவரும் ஒரே பக்கம் தோள் கொடுத்தார்கள்.

ரஹ்மத் என்னிடம், "ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்வாரு. அவங்க தலைய ஆட்டியிருந்தா அன்னிக்கு கேட் நின்னிருக்காதுன்னு" என்றார். அந்த மரியாதைக்கு நான் உரியவளா என்று தெரியாது. கேட்டில் நின்றது அவருடைய உடம்பு.

என் கணவரை அடித்த வண்டி இன்றும் கிடைக்கவில்லை. உறவுக்காரர்கள் வந்தால், அவன்தானே செய்தான் என்று ஒரு பெயரைச் சொல்லி என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பெயரை ஒரு காலத்தில் நானும் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன், சாபத்தோடு. இப்போது, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர்களுக்குக் காப்பி கலக்க எழுந்துவிடுகிறேன். சொல்வது ஒவ்வொரு முறையும் கடினமாகத்தான் இருக்கிறது. ஷாகுலிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான்.