மறுப்புக்குக் காரணம் கேட்ட இசக்கிசெல்வி

தாராவியில் வளர்ந்த பிள்ளைகள் வேலைக்கு மனுப் போடும்போது முகவரியில் தாராவி என்று எழுதுவதில்லை. பக்கத்து ரயில் நிலையம் இருக்கும் சயான் என்று எழுதுவார்கள், மாதுங்கா என்று எழுதுவார்கள், சொந்தக்காரர் யாராவது வேறு இடத்தில் இருந்தால் அந்த வீட்டு எண்ணைப் போடுவார்கள். அதே படிப்பு, அதே மதிப்பெண், ஊர்ப் பெயர் மட்டும் மாறினால் நேர்காணலுக்கு அழைப்பு வருகிறது. இந்த அநியாயத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அலுவலகங்களில்தான் இடமிருக்கிறது.

இசக்கிசெல்வியும் விக்ரோலியில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைத்தான் கொடுத்தார். ஐரோலியில், மருந்து மாத்திரைகளை வீட்டுக்கே அனுப்பும் ஒரு நிறுவனத்தில், இணையப் பக்கங்களை உருவாக்கும் வேலை கிடைத்தது. உண்மையில் அவர் இருந்தது மாதுங்கா லேபர் கேம்ப்பில், ஏணி வைத்து ஏறும் ஒரு மாடி அறையில். பெயரில்தான் மாதுங்கா, தபால்காரருக்கு அது தாராவி. அப்பா சொரிமுத்து தையல் எந்திரங்களைப் பழுது பார்ப்பவர்.

கணினி நிரல் எழுத அவருக்குக் கல்லூரி கற்றுக் கொடுத்தது கொஞ்சம். செம்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் நிரலர்கள் கற்றுக் கொடுத்தது அதிகம். யாரும் கட்டணம் கேட்காத கூட்டம் அது. அங்கே கேள்விப்பட்டுத்தான், உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய பொது மென்பொருள்களில் கை வைக்க ஆரம்பித்தார். அவர் அனுப்பிய முதல் திருத்தத்தை முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் மறுத்தார். எந்த வரி தவறு, ஏன் தவறு, எப்படிச் சரி செய்யலாம் என்று விளக்கமாக எழுதி மறுத்தார். இசக்கிசெல்விக்கு அது அவமானமாகப் படவில்லை. தான் எந்தச் சந்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாத ஒருவர், தன் வேலையை மட்டும் பார்த்துப் பதில் சொன்னது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை என்று பிறகு ஒரு முறை சொன்னார்.

ஐரோலி அலுவலகத்திலும் அந்த வழக்கம் உண்டு. ஒருவர் செய்த திருத்தம் நேரே தளத்துக்குப் போகாது. ரிவ்யூவுக்கு வைக்க வேண்டும், இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். குழுவின் தலைவர் வேங்கடசுப்ரமணியன் அதில் ஒரு விதியும் சேர்த்திருந்தார்: வேண்டாம் என்று மறுப்பவர் காரணத்தை எழுதியே ஆக வேண்டும், எழுதாமல் எதையும் மூடி வைக்கக் கூடாது. வசதியானவர்கள் வாழும் அசல் மாதுங்காவில் மூன்றாம் தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்காரர், நேர்மையானவர். அந்த விதியைத் தானும் மீற மாட்டார்.

வேலையில் சேர்ந்தவர்களுக்கு முதல் வருடம் சோதனைக் காலம். அது முடியப்போகும் நேரத்தில், வாடிக்கையாளரின் முகவரியைக் கேட்கும் பக்கத்தைப் புதிதாக எழுதும் பொறுப்பு இசக்கிசெல்வியிடம் வந்தது. நன்றாகவே செய்தார். விலை மலிந்த போனிலும், ரயிலுக்குள் விட்டு விட்டு வரும் சிக்னலிலும் அந்தப் பக்கம் சட்டென்று திறந்தது. மகள் கட்டிய பக்கம் என்று பெருமையாக, பக்கத்து அறைக்காரர் முன்னால் சொரிமுத்து தன் சர்க்கரை மாத்திரைக்கு ஆர்டர் போட்டுப் பார்த்தார். பின்கோடு போட்டதும், உங்கள் பகுதிக்கு எங்கள் சேவை இல்லை என்று வந்தது.

மகள் வீட்டுக்கு வந்ததும் சொன்னார். "ஏட்டி செல்வி, ஒன் கடையில நமக்கு சரக்கு கெடையாதாம்லா. நல்லாத்தான் கட்டிருக்க."

கேலியாகத்தான் சொன்னார். மகளால் சிரிக்க முடியவில்லை. நிரலர்கள் தாங்கள் எழுதிய பக்கத்தைத் தங்கள் வீட்டு முகவரியைப் போட்டுத்தான் சோதிப்பார்கள். இசக்கிசெல்வியும் சோதித்திருந்தார். ஆனால் பின்னால் நடந்து போகிறவர் யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் விக்ரோலி பின்கோடையே போட்டிருந்தார். தாராவியிலிருந்து அந்த அலுவலகத்துக்கு வந்தவர் அவர் ஒருவர். அவரும் மறைத்துக்கொண்டதால், அந்தக் கதவு மூடியிருப்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

மறுநாள் நிரலைத் துழாவினார். சேவை இல்லாத இடங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் தாராவியின் 400017 இருந்தது. நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார்கள் என்பதைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இந்தத் தொழிலில் உண்டு. பார்த்தார். கொரோனா ஊரடங்கின்போது, எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர், தற்காலிகம் என்று குறிப்பு எழுதிச் சேர்த்த பட்டியல் அது. நோய் போன பிறகு மற்ற இடங்களை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள். இதை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்த நிறுவனத்தின் பையைச் சுமந்து நகரமெங்கும் மருந்து கொடுக்கிற பையன்களில் பலர் சாயங்காலம் பைக்கை நிறுத்துவதே தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில்தான்.

அந்த வரியை நீக்கி ரிவ்யூவுக்கு வைத்தார். வேங்கடசுப்ரமணியன் எதுவும் எழுதவில்லை. டீ குடிக்கும் இடத்தில் கூப்பிட்டுப் பேசினார். மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அந்தப் பகுதியிலிருந்து இத்தனை வருடத்தில் ஒரு ஆர்டர்கூட வந்ததில்லை, அங்கே நமக்கு வியாபாரமே கிடையாது, கணக்கே சொல்கிறது என்றார்.

"நாமதான் ஆர்டர் போட விடலியே சார். அப்புறம் எப்படி வரும்?"

அவர் யோசித்தார். பிறகு கேட்டார்: "நீ விக்ரோலிதானேம்மா? உனக்கென்ன அதுல இவ்ளோ அக்கறை?"

இசக்கிசெல்வி டீக் கோப்பையை வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் பொய் முகவரி கொடுத்ததும் வெளியே வரும். சோதனைக் காலத்தில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்ப அது ஒன்றே போதும். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் குடும்பம் அறையை மாற்றத் திட்டம் போட்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த சஃப்ரீன் செம்பூர்ப் பெண், விஷயம் முழுதும் தெரிந்த ஒரே தோழி. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அரே, விடுடி. கன்ஃபர்மேஷன் கையில வரட்டும். அப்புறம் பயமில்லாம பிந்தாஸா எடு. இப்ப எதுக்கு வம்பு, லஃப்டா?"

நல்ல யோசனைதான். கோடிப் பேர் தினமும் அந்த யோசனையைக் கேட்டுத்தான் நடக்கிறார்கள். அதனால்தான் இந்த நாட்டில் தற்காலிகமாக மூடியதெல்லாம் நிரந்தரமாக மூடிக் கிடக்கிறது. மறுநாள் இசக்கிசெல்வி அந்தத் திருத்தத்தை மறுபடி திறந்தார். பிறகு ரிவ்யூவில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதினார்: 'நான் இந்தப் பின்கோடில் வசிக்கிறேன். வேலைக்கு நான் கொடுத்த முகவரி என் சித்தப்பாவுடையது. என் அப்பாவுக்கு நம் தளத்தில் மருந்து வாங்க முடியவில்லை. இந்தத் திருத்தம் வேண்டாம் என்றால் காரணத்தை எழுதுங்கள்.'

அன்றைக்கு அந்தப் பக்கத்தைக் குழுவில் எல்லோரும் திறந்து பார்த்தார்கள். மறுக்கலாம்; ஆனால் எழுதி மறுக்க வேண்டும். என்னவென்று எழுதுவது? அழுக்கு என்றா? திருடுவார்கள் என்றா? வாயால் சாடையாகச் சொல்லிக் கடந்துபோகிற இழிவையெல்லாம் பெயர் போட்டு எழுது என்றால் எழுதக் கை வராது. பகுத்தறிவு என்பது வேறொன்றும் இல்லை, இந்த ஒரு கேள்விதான்: காரணம் என்ன? அதை மேடையில் கேட்பது சுலபம். வேலையைப் பணயம் வைத்து, தன் மேலதிகாரியிடம் கேட்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

குழுவில் மற்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஒருவர் அந்தப் பட்டியலில் இன்னும் எந்தெந்த இடம் இருக்கிறது என்று கேட்டார். இன்னொருவர், தன் கல்லூரித் தோழனும் அங்கேதான் இருக்கிறான் என்றார். வேங்கடசுப்ரமணியன் பலமுறை எழுதி எழுதி அழித்தாராம். அவரே பின்னால் சஃப்ரீனிடம் சொன்னது. கடைசியில் ஒரே வரி எழுதி ஒப்புதல் கொடுத்தார்: 'மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.' அன்று மாலையே தாராவி திறந்தது. மேலிடத்தில் கேட்டவர்களுக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

பொய் முகவரி விஷயம் அப்படி முடியவில்லை. மனிதவளத் துறை இசக்கிசெல்வியை அழைத்து விசாரித்தது. ஒரு லட்சிய நேர்மைக்காரர் தோரணையில் அந்த அதிகாரி, முகவரியில் பொய் சொல்பவரை எப்படி நம்புவது என்று கேட்டார். ஒரு பகுதியையே வருடக்கணக்கில் மூடி வைத்தவர்களை ஒருவரும் அழைத்து விசாரிக்கவில்லை. வேங்கடசுப்ரமணியன் பரிந்து பேசியதால் வேலை போகவில்லை. சோதனைக் காலத்தை மட்டும் நீட்டித்தார்கள்; சம்பள உயர்வும் அதோடு தள்ளிப்போயிற்று. அறை மாற்றும் பேச்சையும் வீட்டில் தள்ளி வைத்தார்கள்.

நானும் போகிற அந்தச் செம்பூர்க் கூட்டத்தில் அவரைப் பார்த்தபோது, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறதா என்று கேட்டேன். மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"சம்பள உயர்வு போனது போனதுதான், வருத்தம் இல்லாம இருக்குமா? ஆனா முன்னாடி ஆபீஸ்காரங்க யாரும் ட்ரெயின்ல கூட வந்தா, விக்ரோலில எறங்குத மாதிரி எறங்கி அடுத்த வண்டியப் பிடிச்சுப் போவேன். இப்ப எல்லார் கூடவும் பேசிக்கிட்டே வந்து சயான்ல எறங்குதேன்."